தாளில் இருந்த 4:15

"அன்னைக்கு நிஜமாவே அரை மணி நேரம் கூட இல்லையா மேடம்?"

தனி விமானம் வாடகைக்கு ஏற்பாடு செய்யும் என்னிடம், பழைய வாடிக்கையாளர் ஒருவர் போன மாதம் போனில் கேட்டது இது. சண்டை போடக் கேட்கவில்லை. வேறொரு பயணத்துக்கு விலை விசாரித்துவிட்டு, வைக்கப் போகும்போது சாதாரணமாகக் கேட்டார். "இல்லை சார்" என்றேன். அதே பொய்யை இரண்டாம் முறையாகச் சொன்னேன்.

பொய் என்று எழுதிவிட்டேன். எழுதியபின் அந்தச் சொல் சரிதானா என்று சந்தேகமாக இருக்கிறது.

அவருடைய அப்பாவுக்கு அம்பத்தூரில் வால்வு செய்யும் தொழிற்சாலை. துபாயில் ஒரு கம்பெனியோடு நாலு மாதமாக இழுத்துக்கொண்டிருந்த ஆர்டர், "நாளை மறுநாள் நேரில் வாருங்கள், பேசி முடித்துவிடலாம்" என்று திடீரென வந்து நின்றது. அதற்கு அடுத்த நாள் காலை பெரியவருடைய அம்மாவுக்குத் திதி. மூத்த பிள்ளை அவர்தான். ஆறு பேர் போக வேண்டும், கூடவே இரண்டு பெட்டி சாம்பிள். சென்னையிலிருந்து துபாய்க்குத் தினமும் விமானம் இருக்கிறது. ஆனால் ஆறு பேருக்கும் ஒன்றாக இடம் கிடைத்து, மீட்டிங்கை முடித்துக்கொண்டு, அன்றிரவே வீட்டில் வந்து படுக்கிற மாதிரி எதுவும் அமையவில்லை. அதனால்தான் எங்களிடம் வந்தார்கள். ஆடம்பரத்துக்காக வந்த குடும்பம் இல்லை. கொட்டேஷனைப் பார்த்துவிட்டுப் பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ராத்திரி பத்து மணிக்குள்ள வீட்டுல இருப்பேனாம்மா?"

"இருப்பீங்க சார்" என்றேன்.

விமானம் முந்தின நாள் இரவே மும்பையிலிருந்து காலியாக வந்து நின்றது. எட்டு பேர் உட்காரும் ஹாக்கர் என்ற சின்ன ஜெட். ஓமன் வான்வெளியைக் கடக்க அனுமதி, துபாயில் இறங்க அனுமதி, போக வர ஸ்லாட் (ஏர்போர்ட்டில் இறங்கவும் கிளம்பவும் ஒதுக்கும் நேரம்), ஆறு பாஸ்போர்ட்டிலும் ஆறு மாதம் மிச்சம் இருக்கிறதா, விசா சரியா, எல்லாவற்றையும் இரண்டே நாளில் முடித்தோம். அதில் எனக்கு இன்றும் பெருமைதான். திரும்பி வரும்போது பெரியவருக்குத் தயிர்சாதம் வேண்டும் என்றார்கள். துபாய் கராமாவில் ஒரு தமிழ் ஹோட்டலில் சொல்லி, மோர்மிளகாயோடு விமானத்துக்கு வரவழைத்தேன்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன்.

ஒவ்வொரு பயணத்துக்கும் என் மேஜையில் ஒரு தாள் இருக்கும். அதில் இரண்டு நேரம் எழுதியிருப்பேன். ஒன்று, எதைத் தாண்டினால் பைலட்டுகளால் சட்டப்படி விமானத்தை எடுக்க முடியாதோ அந்த நேரம். அவர்களுடைய டியூட்டி விமானம் கிளம்பும்போது தொடங்குவதில்லை. காலையில் வந்து ரிப்போர்ட் செய்த நிமிடத்தில் தொடங்குகிறது. நடுவில் ஹோட்டலில் ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் நீட்டலாம், அதற்கும் வரம்பு உண்டு. அன்றைக்கு அந்தக் கணக்கில் வந்த நேரம் துபாய் கடிகாரப்படி மாலை 4:15. இன்னொன்று, நாங்கள் பயணிகளிடம் சொல்லும் நேரம். அவர்களுக்குச் சொன்னது 3:15. மூன்று மணிக்கு டெர்மினலில் இருங்கள் என்று சொல்லியிருந்தேன். 4:15 என்பது என் தாளில் மட்டும்தான் இருந்தது.

இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. நான் சேர்ந்த வருடம் ஒரு குடும்பம் துபாய் தேராவில் நகை வாங்கப் போய், ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார்கள். பைலட்டுகளுக்கு டியூட்டி முடிந்துவிட்டது. விமானம் அங்கேயே இரவு தங்கியது. பார்க்கிங், எல்லோருக்கும் ஹோட்டல், மறுநாளைக்குப் புது ஸ்லாட், அடுத்த பயணத்துக்குக் காத்திருந்தவர்களுக்கு ரத்து. அந்த வீட்டு அம்மா போனில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து உண்மையான நேரத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. சொன்னால் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

அன்று துபாயில் 2:05, இங்கே 3:35. மகன் கூப்பிட்டார். மீட்டிங் அறைக்கு வெளியே வந்து பேசுகிறார் என்று குரலிலேயே தெரிந்தது.

"மேடம், இப்பதான் விலைக்கே வந்திருக்காங்க. அப்பா உள்ளே இருக்கார். ஒரு அரை மணி நேரம் தள்ளிக்க முடியுமா?"

"முடியாது சார். கேப்டன் ஒத்துக்க மாட்டார். டியூட்டி டைம் முடிஞ்சிடும்."

"இருபது நிமிஷம்?"

"சாரி சார். இப்ப கிளம்பினாதான் சரியா இருக்கும்."

ஒரு நொடி அமைதி. அப்புறம் "சரி" என்றார். அந்தச் "சரி" எப்படி இருந்தது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும். கோபமே இல்லை. என்னை முழுசாக நம்பிய ஒருவருடைய சரி அது.

2:15-க்குக் கிளம்பினார்கள். 3:22-க்கு விமானம் ஏறியது. 53 நிமிடம் தாளிலேயே மிச்சமாகிவிட்டது.

கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். அரை மணி நேரம் கொடுத்திருந்தால் 2:45-க்குக் கிளம்பியிருப்பார்கள். தனி விமானங்கள் அங்கே பெரும்பாலும் ஜெபல் அலி பக்கம் இருக்கும் அல் மக்தூமில்தான் இறங்கும். மீட்டிங் நடந்த பிசினஸ் பேயிலிருந்து ரோடு நன்றாக இருந்தால் முக்கால் மணி நேரம். 3:30-க்கு வந்து, 3:50-க்கு ஏறியிருக்கலாம். இருபத்தைந்து நிமிடம் அப்போதும் கையில் இருந்திருக்கும். ஆனால் ஷேக் சாயித் ரோட்டில் ஒரு விபத்து போதும், அந்த இருபத்தைந்தும் போய்விடும். பெரியவர் துபாயில் மாட்டிக்கொள்வார், திதி நின்றுபோகும். பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், திதியை எப்படிக் கொடுப்பது? மூன்று மாதம் இதைச் சொல்லித்தான் தூங்கினேன்.

இன்னொன்றும் சொல்லிக்கொண்டேன். பைலட்டுகள் ஹோட்டலில் ஓய்வில் இருந்தார்கள், போன் செய்து எழுப்பினால் அது ஓய்வாகவே கணக்கில் வராது, நீட்டித்த டியூட்டி நேரமும் போய்விடும், அதனால்தான் கேப்டனைக் கேட்கவில்லை என்று. நியாயமான காரணம். யார் கேட்டாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மகன் போன மாதம் கேட்ட பிறகு பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். ஹோட்டலிலிருந்து பைலட்டுகளின் கார் கிளம்பியது 1:45. அவர் என்னைக் கூப்பிட்ட 2:05-க்கு கேப்டன் காரில், விழித்துக்கொண்டு, போன் கையில் இருக்க, ஏர்போர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த பிக்-அப்பை ஏற்பாடு செய்ததே நான்தான். அது எனக்கு அப்போது தெரியாமல் இருந்திருக்க வழியில்லை.

ஆக, அந்த ஒரு மணி நேரத்தைச் சொல்லாமல் பஃபராக வைத்தது என்னை உறுத்தவில்லை. அதை இன்றும் சரி என்றுதான் சொல்வேன். "கேப்டன் ஒத்துக்க மாட்டார்" என்றேனே, அதுதான் உறுத்துகிறது. கேப்டனை நான் கேட்கவே இல்லை. அவர் வாயில் என் பயத்தைப் போட்டுப் பேசினேன். சென்ற வாரம் வேறு வேலையாக வந்தவரிடம் பட்டும் படாமலும் கேட்டேன். "ரோடு எப்படின்னு டிரைவர்கிட்ட விசாரிச்சுட்டு சொல்லியிருப்பேன்" என்றார். சரி என்றிருப்பார் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றிருப்பார் என்றும் சொல்லவில்லை. ஆனால் முடிவெடுக்க வேண்டியவர் அவர்.

ஆர்டர் முழுசாகப் போய்விடவில்லை. "மீதியை மெயிலில் பேசிக்கலாம்" என்று பிரிந்தார்களாம். மெயில் மூன்று வாரம் போனது, கடைசியில் கேட்டதில் பாதிதான் வந்தது. "அன்னைக்கு உட்கார்ந்திருந்தா முடிஞ்சிருக்கும்" என்கிறார் மகன். முடிந்திருக்குமா? நாலு மாதம் இழுத்தவர்கள் அரை மணியில் மனசு மாறுவார்களா? மாறியிருக்கவும் கூடும். எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது எப்போது பிடி தளரும் என்று யாரால் சொல்ல முடியும்?

திரும்பும்போது பெரியவர் தயிர்சாத டப்பாவைத் திறக்கவே இல்லை என்று விமானப் பணிப்பெண் சொன்னாள். மூடியின் மேல் ஒட்டிய லேபிள்கூடக் கிழியாமல் அப்படியே இருந்ததாம். பசியில்லையோ, களைப்போ, வேறு எதுவுமோ.

நடுவில் ஒருமுறை மாற்றியும் பார்த்தேன். அடுத்து வந்த பயணத்தில் இரண்டு நேரத்தையும் பயணியிடமே சொல்லிவிட்டேன். அவர் கடைசி நேரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, அதற்குப் பத்து நிமிடம் முன்புதான் வந்தார். பைலட்டுகளுக்கு எவ்வளவோ கணக்குப் பார்த்துத்தான் கதவை மூட முடிந்தது. அதோடு பழையபடி ஒரே நேரத்துக்குத் திரும்பிவிட்டேன். இப்போது ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. யாராவது தள்ளச் சொன்னால், "கேப்டனைக் கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டு, நிஜமாகவே கேட்கிறேன்.

அந்தப் பயணம் முடிந்த மறுநாள் பெரியவர் ஒரு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தார். "9:50-க்கெல்லாம் வீட்டுக்கு வந்துட்டேன்மா. காரியம் நல்லபடியா முடிஞ்சது. உன் புண்ணியம்."

நாளைக்கு மகனுக்கு விலை சொல்லிப் போன் செய்ய வேண்டும். 4:15-ஐ அப்போது சொல்லிவிடலாம் என்று இரண்டு நாளாக நினைக்கிறேன். சொன்னால் அது பெரியவர் காதுக்கும் போகும். இருக்கும் ஒரு நிறைவும் அவருக்குக் கெட்டுப்போகும் என்று தயங்குகிறேன். அந்தத் தயக்கம் அவருக்காகத்தானா என்று எனக்கே நிச்சயமில்லை.