வைஃபை சிக்னலை வைத்து இடம் கண்டுபிடிக்கும் புரொஜெக்ட் எடுக்கப் போகிறீர்களா?

கட்டடத்துக்குள் போன் எங்கே இருக்கிறது என்பதை வைஃபை சிக்னலைக் கொண்டு சொல்லும் மொடலை (தரவிலிருந்து கற்றுக்கொள்ளும் கணினி நிரலை) இறுதியாண்டுப் புரொஜெக்டாக எடுக்கலாமா என்று எங்கள் தோட்டப்பகுதிப் பிள்ளைகள் சிலர் கேட்டிருந்தார்கள். தாராளமாக எடுங்கள். நம் இலங்கை மலைநாட்டில் பள்ளத்துக்குள் இறங்கினால் வானம் பாதிதான் தெரியும், ஜிபிஎஸ் தடுமாறும், தகரக் கூரைக்குக் கீழே போனால் இன்னும் மோசம், அதனால் இது நமக்கு நிஜமாகவே தேவையான தலைப்பு.

மொடல் எழுதுவது இதில் சின்ன வேலை. 2000ஆம் ஆண்டிலேயே மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்கள் இருவர் ராடார் என்ற பெயரில் அடிப்படை முறையைக் காட்டிவிட்டார்கள்: ஒவ்வொரு இடத்திலும் எந்த ரவுட்டர் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று முதலில் பதிந்துகொள்வது, பிறகு புதிய பதிவு வந்தால் அதோடு மிக நெருங்கிப்போகும் பழைய பதிவுகளைத் தேடுவது. இன்று அதைச் சில வரிகளில் எழுதிவிடலாம். மார்க்ஸ் கூடுவதும் குறைவதும் தரவைச் சேர்த்த விதத்தில்தான், அதிலும் சோதனைத் தரவை (மொடல் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க ஒதுக்கும் பதிவுகளை) எப்படிப் பிரித்தீர்கள் என்பதில்தான்.

ஒரே புள்ளியில் நின்று தொடர்ந்து 20 ஸ்கேன் (அந்த நொடியில் எந்தெந்த ரவுட்டர் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று போன் எடுக்கும் பட்டியல்) எடுத்தால் அவை இருபதும் கிட்டத்தட்ட ஒரே ஸ்கேன்தான். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, 80 வீதம் பயிற்சிக்கு, 20 வீதம் சோதனைக்கு என்று பிரித்தால் அதே நிமிடத்தில் எடுத்த பதிவுகள் இரண்டு பக்கமும் போய்விடும், மொடல் விடையைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுகிறது, பிழை ஒரு மீட்டருக்கும் குறைவு என்று காட்டும். அடுத்த வாரம் அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள், அந்த எண் நிற்காது. ஸ்பெயினின் ஜௌமே பல்கலைக்கழகத்துக்காரர்கள் வெளியிட்ட யூஜேஐ இண்டோர்லொக் தரவுத்தொகுப்பில் 19,937 பயிற்சிப் பதிவுகள், 1,111 சோதனைப் பதிவுகள். அந்த 1,111ஐயும் 4 மாதம் கழித்துத்தான் எடுத்தார்கள். உங்களுக்கு 4 மாதம் கிடைக்காது, சரி, குறைந்தது வேறு நாள், வேறு நேரம், முடிந்தால் வேறு ஆள் கையில் வேறு போன். பயிற்சிப் புள்ளிகளுக்கு நடுவிலும் நின்று எடுங்கள்.

நாங்கள் தரவு சேர்த்தது ஹட்டன் பக்கத்துத் தேயிலை ஸ்டோர் ஒன்றில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில். இப்படியான இடத்தில் ஆபீஸ் ரவுட்டரைத் தவிர வேறொன்றும் இருக்காது, அதனால் பழைய ரவுட்டர்களைத் தேடிக்கொண்டுபோய் மூலைக்கொன்றாக வைத்தோம். இணையம் தேவையில்லை, கரண்ட் இருந்தால் போதும். ஆனால் சானலை (ரவுட்டர் பேசும் அலைவரிசையை) தானாகத் தெரிவுசெய்யும் வசதியை நிறுத்திவிடுங்கள், கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் வேறு சானலுக்குத் தாவிவிடலாம். தோட்டத்து மேலாளரான துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்கியதும், ஸ்டோரில் தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரிடம் உட்கார்ந்து பேசுங்கள், எந்தத் தளத்தில் எப்போது என்ன நடக்கும் என்பதை அவரைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. அது ஏன் முக்கியம் என்றால், பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர், வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹேட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாகவே உறிஞ்சும். மாலையில் கொழுந்து நிரம்பிய வாட்டும் மாடியும் (கொழுந்தைப் பரப்பி வாடவிடும் தளம்), வாடிய கொழுந்தை இறக்கிய பிறகு வெறுமையாக இருக்கும் அதே மாடியும் சிக்னலுக்கு ஒன்றல்ல. கீழே கொழுந்தை உருட்டும் ரோலர் இயந்திரம் ஓடும் நேரமும் ஆட்கள் நடமாடும் நேரமும் அப்படித்தான். ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் நேரம், தளத்தின் நிலை, போனின் பெயர், நீங்கள் பார்த்து நின்ற திசை எல்லாவற்றையும் எழுதுங்கள். திசை எதற்கு என்றால் நம் உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தானே, ரவுட்டருக்கு முதுகு காட்டி நின்றாலே அளவு இறங்கிவிடும். ஒவ்வொரு புள்ளியிலும் நான்கு பக்கமும் திரும்பி எடுப்பது அலுப்பான வேலைதான், ஆனால் விடாதீர்கள்.

மரப்பலகைத் தளம் என்றால் சிக்னல் சுலபமாக மேலும் கீழும் போகும், எந்த மாடி என்பதில் மொடல் குழம்பும். போனில் காற்றழுத்தமானி இருந்தால் உதவும். ஆனால் ஒரு மாடி உயரத்துக்கு ஏறத்தாழ 0.3 ஹெக்டோபஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) தான் வித்தியாசம், காற்றழுத்தமோ ஒரே நாளுக்குள் தானாகவே 2, 3 ஹெக்டோபஸ்கல் ஏறி இறங்கும், அதனால் கீழ்த்தளத்தில் இன்னொரு போனை வைத்து அதோடு ஒப்பிட வேண்டும்.

போன் விஷயம். ஐபோனில் சாதாரண அப் ஒன்றால் சுற்றியுள்ள வைஃபை பட்டியலை எடுக்க முடியாது, அண்ட்ரொய்ட் போனே தேடுங்கள். அண்ட்ரொய்ட் 9இலிருந்து, திரையில் திறந்திருக்கும் அப்புக்கு 2 நிமிடத்துக்கு 4 ஸ்கேன்தான். அதற்கு மேல் கேட்டால் பழைய விடையே திரும்ப வரும், நிறையத் தரவு சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அண்ட்ரொய்ட் 10இலிருந்து டெவலப்பர் ஒப்ஷன்ஸில் இந்தக் கட்டுப்பாட்டை நிறுத்தலாம். ஒவ்வொரு ஸ்கேனின் நேர முத்திரையையும் பாருங்கள், முன்னையதே வந்தால் அழித்துவிடுங்கள்.

அப்புறம், கேட்காத ரவுட்டருக்கு என்ன எண் போடுவது? யூஜேஐ தொகுப்பில் அதற்கு 100 என்று போட்டிருக்கிறார்கள். உண்மையான சிக்னல் அளவுகள் எல்லாம் மைனஸில் இருக்கும்போது அந்த 100ஐ அப்படியே விட்டால், கேட்காத ரவுட்டர்தான் எல்லாவற்றிலும் பலமானது என்று மொடல் படித்துவிடும். மைனஸ் 105 போல, மிகப் பலவீனமான அளவுக்கும் கீழே ஒன்றாக மாற்றுங்கள். யாராவது பையில் வைத்திருக்கும் போனின் ஹொட்ஸ்பொட்டும் பட்டியலில் வரும், அவற்றை நீக்குங்கள். சில ஹொட்ஸ்பொட்டுகளில் சொந்தக்காரரின் பெயரே இருக்கும், அதை உங்கள் கோப்பில் வைத்திருக்க நமக்கு உரிமை இல்லை.

வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) சராசரிப் பிழையை மட்டும் சொல்லாதீர்கள். இடைநிலைப் பிழை (பிழைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எவ்வளவு, 100இல் 75 பதிவுகள் எத்தனை மீட்டருக்குள் வந்தன, மாடி எத்தனை வீதம் சரி, கொழுந்து நிரம்பிய நேரத்தில் எவ்வளவு, வெறும் மாடியில் எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டுங்கள். 4 மீட்டர் பிழை என்று சொன்னால் குறைத்து எடைபோடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். வேறு நாளில் வேறு போனில் எடுத்த தரவில் வந்த 4 மீட்டர் என்று சொல்லுங்கள், பரீட்சகர் அடுத்த கேள்வியை அங்கிருந்துதான் கேட்பார், அதற்குப் பதில் உங்கள் குறிப்புப் புத்தகத்திலேயே இருக்கும்.