அவள் முதலில் பார்ப்பது என் முகத்தை

என் மகளுக்கு ஒன்பது வயதாகிறது. அறிவு வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் டவுன் சின்ட்ரோம் என்ற மரபணு நிலையுடன் பிறந்தவள். மரப்பலகையில் வடிவத் துண்டுகளைப் பொருத்த உட்காரும்போது, ஒரு துண்டைக் கையில் எடுத்தவுடன் அவள் பலகையைப் பார்ப்பதில்லை. என் முகத்தைப் பார்க்கிறாள். என் புருவம் சற்று நெரிந்தால் போதும், சரியான குழியை நெருங்கிவிட்ட கையைக்கூடப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள். அதைப் பாசம் என்றே பல ஆண்டுகள் எண்ணி மகிழ்ந்திருந்தேன்.

அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளிடம் காணப்படும் இந்தப் பழக்கத்தை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ஜிக்லர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அடிக்கடி தோல்வியைச் சந்திக்கும் குழந்தை தன் முடிவை நம்பாமல், விடைக்கான குறிப்பைப் பிறரிடம் தேடப் பழகிவிடுகிறது என்பது அவருடைய விளக்கம். அதைப் படித்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை. அவளால் செய்ய முடிந்த எத்தனை வேலைகளில், அவள் தொடங்கும் முன்பே என் கை நீண்டிருக்கிறது!

கைக்குழந்தையாக இருந்தபோது நான் அறையை விட்டுப் போனால் அவள் உரக்க அழுததில்லை. திரும்பி வந்தாலும் சிரிப்பு தாமதமாகவும் மெல்லியதாகவுமே வந்தது. டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகள் பலரிடம் உணர்ச்சியின் வெளிப்பாடு இப்படித் தணிந்தே இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவள் என்னைத் தேடவில்லை என்று நினைத்து உள்ளூர நொறுங்கினேன்; அந்த வருத்தத்தை ஈடுகட்டத்தான் எல்லாவற்றையும் நானே செய்யத் தொடங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

தாய்–சேய் பிணைப்பைப் பற்றி பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியின் நூல் 1969இல் வெளிவந்தது. அவருடன் பணியாற்றிய உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வர்த், குழந்தை தாயைப் பாதுகாப்பான தளமாகக் கொண்டு அங்கிருந்து உலகை ஆராயப் புறப்படுகிறது என்று எழுதினார். புறப்படுவதும் பிணைப்பின் ஒரு பகுதிதான் என்பதை நான் கவனிக்கவே இல்லை. என் மடி அவளுக்கு ஆறுதலாக இருந்தது, ஆனால் அங்கிருந்து இறங்கிப் போக நான் இடம் கொடுக்கவில்லை.

சிறப்பாசிரியர் ஒருவரின் அறிவுரைப்படி, இப்போது அவளுக்கு எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருகிறேன். எதையும் கேட்டபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணுகிறேன். அவளுக்குப் புரிந்துகொள்ளவும் கையை இயக்கவும் அவ்வளவு நேரம் உண்மையாகவே தேவைப்படுகிறது. “கெட்டிக்காரி” என்று பொதுவாகப் பாராட்டுவதை விட்டு, “திருப்பி வைத்துப் பார்த்தாய், பொருந்திவிட்டது” என்று அவள் செய்ததையே சொல்கிறேன்.

சென்ற வாரம் முக்கோணத் துண்டை இரண்டு முறை தவறாக வைத்து, மூன்றாவது முறை தானே திருப்பிப் பொருத்தினாள். அதன் பிறகுதான் என்னைப் பார்த்தாள். செருப்பு வாரை மாட்டும்போது இன்னும் என் முகத்தைத்தான் முதலில் தேடுகிறாள். அங்கேயும் பத்து வரை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.