செதிலைப் புரட்டிப் பார்த்த பிறகு

காட்டு மர விதையிலிருந்து நான் வளர்த்த மரம் ஒன்றின் நுனிக்கிளைகள் காயத் தொடங்கியபோது, இலைகளில் பிசுபிசுப்போ கரும்பூசணமோ எறும்பு வரிசையோ தென்படாததால், இது பட்டையில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் செதில் பூச்சியின் வேலையாக இருக்காது என்று அவசரப்பட்டு முடிவு செய்துவிட்டேன். பட்டையில் படர்ந்திருந்த சாம்பல் நிறப் பொருக்கையும் மரப்பாசி என்றே நினைத்தேன். ஒருநாள் நகத்தால் சுரண்டியபோது பொருக்கு பெயர்ந்து, அடியிலிருந்த எலுமிச்சை மஞ்சள் உடல் நசுங்கி, நகக்கண்ணில் ஈரமாக ஒட்டியது.

பிசுபிசுப்பையும் பூசணத்தையும் எறும்பையும் வரவழைக்கும் இனிப்பான கழிவைச் சொட்டுவது மென்செதில் போன்ற வகைகள். என் மரத்திலிருந்தது அதைச் சொட்டாத கவசச் செதில். மெழுகாலும் உரித்த தோலாலும் ஆன அதன் மூடிக்குள் மருந்து எளிதில் இறங்காது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் கால்களோடு ஊர்ந்து, இடம் பிடித்து அமர்ந்து மூடி கட்டுவதற்கு முந்தைய சில நாட்கள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

அந்த நாட்களைக் கண்டுபிடிக்க, இருபுறமும் ஒட்டும் நாடாவை நான்கு கிளைகளில் சுற்றி, வாரந்தோறும் மாற்றிவந்தேன். முதல் இரண்டு வாரமும் தூசிதான். மூன்றாம் வாரம் லென்ஸில் பார்த்தபோது, மஞ்சள்தூள் சிந்தியதுபோல் குஞ்சுகள் ஒட்டிக் கிடந்தன. மறுநாள் காலையே தோட்டக்கலை எண்ணெயை 2 சதவீதக் கரைசலாகத் தெளித்தேன்.

இருபது நாள் கழித்து எண்ணினால், கிளையில் செதில்கள் குறைந்ததாகவே தெரியவில்லை. மீண்டும் தெளிக்கக் கரைசலைக் கலக்கியும்விட்டேன். பூச்சி செத்தாலும் மூடி மாதக்கணக்கில் பட்டையிலேயே ஒட்டியிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. குண்டூசியால் அறுபது செதில்களைப் புரட்டினேன்: நாற்பத்தொன்று உள்ளே காய்ந்து பழுப்பாகியிருந்தன, பன்னிரண்டு உயிரோடிருந்தன, மீதி ஏழின் மூடியில் ஊசியால் குத்தியதுபோல் வட்டத் துளை இருந்தது. செதிலுக்குள் வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவி வெளியேறிய வழி அது.

பொறிவண்டு வாங்கி விடலாமே என்றார் நண்பர். 1888-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோன ரோடோலியா என்ற பொறிவண்டு அங்கே எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களைக் காப்பாற்றியது உண்மைதான். ஆனால் அது தின்றது பஞ்சுபோன்ற முட்டைப் பையுடைய வேறொரு செதில் பூச்சியை. கவசச் செதிலை அது சீண்டாது. எனக்கு அந்த ஏழு துளைகளே போதுமானதாகத் தோன்றியது. கலக்கிய கரைசலைத் தெளிக்காமல், நன்றாகக் காய்ந்த இரண்டு கிளைகளை மட்டும் வெட்டி அகற்றினேன். நாடாக்களை மட்டும் இன்னும் வாரந்தோறும் மாற்றிவருகிறேன். நேற்று கழற்றியதில் ஐந்து குஞ்சுகளும், கடுகைவிடச் சிறிய ஒரு குளவியும் ஒட்டியிருந்தன.