நசுக்கினாலும் விடாத காந்தம்

மணவாளக்குறிச்சிக் கருமணலில் வலிமையான காந்தத்தை வைத்து எடுத்தால், இல்மனைட் என்னும் இரும்பு-டைட்டானியக் கனிமத்தின் துகள்கள் மீசை மயிர் போலச் சிலிர்த்துக்கொண்டு ஒட்டி வரும். இந்த ஈர்ப்பைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு காந்தப் பொருளை இறுக்கி அழுத்தினால் அதன் காந்தம் என்னவாகும் என்ற கேள்வி எனக்குள் எழுகிறது.

இரும்பில் எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் ஒரே திசையில் அணிவகுப்பதால்தான் காந்தம் பிறக்கிறது. அழுத்தம் அணுக்களை நெருக்க நெருக்க, எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டைகள் (அவை கொள்ளக்கூடிய ஆற்றல் அளவுகளின் வரம்புகள்) அகன்றுபோய், அணிவகுத்து நிற்பதால் கிடைக்கும் ஆதாயத்தைவிட அதற்கான ஆற்றல் செலவு கூடிவிடுகிறது. இரண்டு வைரங்களின் கூர்முனைகளுக்கிடையே மிகச் சிறிய உலோகத் துணுக்கை வைத்து நெருக்கி, ஊடுகதிரைச் செலுத்தி இதை அளக்கிறார்கள். அறை வெப்பநிலையில், சுமார் 13 கிகாபாஸ்கலில், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல 1.3 லட்சம் மடங்கில், இரும்பின் படிக அமைப்பே அறுகோணமாக மாறி, அதன் காந்த வலிமை போய்விடுகிறது. கோபால்ட் ஏறக்குறைய 120 கிகாபாஸ்கல் வரை தாங்குகிறது. என்னை உண்மையிலேயே வியக்க வைப்பது நிக்கல்தான். அதன் படிக அமைப்பு குலைவதில்லை. காந்தம் குறைந்தாலும், 200 கிகாபாஸ்கலைக் கடந்தும் நிலைக்கிறது. புவியின் உள்ளே உருகிய உலோகத்தாலான வெளிக்கருவம் தொடங்கும் இடத்தின் அழுத்தமே சுமார் 136 கிகாபாஸ்கல்தான்.

ஆயினும் புவிக்காந்தத்துக்கு நிக்கலின் இந்த உறுதி காரணமன்று. சாதாரண அழுத்தத்தில் நிக்கல் ஏறத்தாழ 355 பாகை செல்சியஸிலேயே காந்தத்தை இழந்துவிடும். கருவமோ பல ஆயிரம் பாகை வெப்பத்தில் இருக்கிறது. அங்கே உருகி ஓடும் இரும்பில் உண்டாகும் மின்னோட்டங்களே புவியின் காந்தப்புலத்தைத் தொடர்ந்து உருவாக்குகின்றன.