ஊருக்குப் போய்ப் பார்ப்போம் என்று விட்டது

1990இல் இலங்கையின் மன்னாரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அந்த ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. இரவோடு இரவாகப் பேசாலைக் கரையில் படகேறி, ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் சென்னைக்கு வடக்கே புழல் காவாங்கரை முகாமில் வந்து சேர்ந்தோம். இந்த வழியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். படகு, மணல்திட்டு, பசி எல்லாம் உண்மைதான், நானும் பட்டவள்தான். ஆனால் அந்த ஓட்டத்தில் புருஷன் பெண்சாதிக்கு நடுவில் என்ன நடந்தது என்பதை எங்கள் சனம் வாய் திறந்து சொல்வதில்லை. எனக்கு அறுபது ஆகப்போகிறது, பேரப்பிள்ளையும் கண்டாயிற்று. இனி என்ன வெட்கம், நான் சொல்கிறேன்.

ஊரை விட்டபோது கலியாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மகள் கைக்குழந்தை. முகாமில் எங்களுக்கு ஒரு அறை. பக்கத்துக் குடும்பத்துக்கும் எங்களுக்கும் நடுவில் தார் அட்டைதான். அவர்கள் இருமினால் எங்கள் பிள்ளை விழித்துக்கொள்ளும். அந்த ஒரு அறைக்குள்ளேயே மாமியும் மச்சானும். குறுக்கே என் சேலையைக் கட்டினால் அதுதான் எங்கள் கதவு. அந்தச் சேலைக்குப் பின்னால் இரண்டு சின்ன வயசுக்காரர் என்ன கதைக்க முடியும்? பால்மா முடிந்துவிட்டது, நாளைக்குக் கணக்கெடுப்பு, வேலைக்குப் போகாதேங்கோ. கணக்கெடுப்பு அன்று குடும்பத்தில் எல்லாரும் நேரில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் உதவிப்பணம் சிக்கலாகிவிடும். வருடக்கணக்கில் எங்கள் பேச்சு இப்படித்தான் போனது, அதுவும் கிசுகிசுப்பாக.

எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. "ஊருக்குப் போய்ப் பாப்பம்." இரண்டு பேருமாக ஒரு படம் பிடிப்போமா என்றால் ஊருக்குப் போய். ஒரு நாள் எங்காவது போவோமா என்றால் ஊருக்குப் போய். "சண்டை முடியட்டும், உம்மைச் சைக்கிளில வச்சுத் திருக்கேதீச்சரத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்பார். எங்கள் கிராமத்திலிருந்து கோயிலுக்கு வயல்வெளி வழியாகப் போகலாம். பாலாவிக் குளத்தில் கால் நனைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். இங்கே இருப்பது வாழ்க்கை இல்லை, வாழ்க்கை அங்கே காத்திருக்கிறது என்ற நினைப்பு. வீட்டையும் வயலையும் விட்டு வந்தது போல எங்களுக்குள் இருந்த ஆசையையும் அந்தக் கரையிலேயே விட்டுவிட்டு வந்தோம். திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தோம்.

பிறகு முகாமுக்கு வெளியே குடியிருக்க விடும் வெளிப்பதிவு வாங்கிக்கொண்டு திருவொற்றியூருக்கு வந்தோம். காவல் நிலையத்தில் பதிவு, வாடகைக்கு ஓர் அறையும் அடுப்படியும், கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓட்டம். அவர் பெயின்ட் வேலைக்குப் போனார். நான் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கு ஃபால்ஸ் அடித்தேன், அப்புறம் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தேன். அக்கம்பக்கம் நல்ல சனம். "இன்னாக்கா, குழாய்ல தண்ணி வந்துச்சா?" என்று முதல் வாரத்திலேயே உரிமையோடு கேட்டார்கள். கடைக்குப் போனால் நானும் அவர்களைப் போலவே பேசப் பழகிக்கொண்டேன்.

2009இல் சண்டை முடிந்தது. முடிந்த விதம் எல்லாருக்கும் தெரியும், அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அதற்குள் மகளுக்குக் கலியாண வயது, மகன் பாலிடெக்னிக்கில். ஊரில் எங்கள் வீட்டுக்கு அத்திவாரம் மட்டும்தான் மிச்சம் என்று சொன்னார்கள். அந்த வருடத்துக்குப் பிறகு "ஊருக்குப் போய்ப் பாப்பம்" என்று அவர் சொல்லவே இல்லை. வேறு எதுவும் சொல்லவும் இல்லை. சண்டை சச்சரவு கிடையாது, குடி கிடையாது, சம்பளக் காசை அப்படியே கையில் தருவார். ஆனால் ஒரு வீட்டில் இரண்டு பேர் மாறி மாறி வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தோம், அவ்வளவுதான். மகள் கலியாணமாகிக் கனடா போனாள், மகன் வேலைக்கு ஓசூர் போனான். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். கலியாணம் ஆனதிலிருந்து அப்படித் தனியாக இருந்ததே இல்லை. முதலில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

மாறியது ஒரு சின்ன விஷயத்தில். இரும்புக் கேட்டுக்கு எனாமல் அடித்துவிட்டு வந்தால் அவருக்கு முழங்கைக்குப் பின்னால் பெயின்ட் காய்ந்து ஒட்டியிருக்கும். அந்த இடம் அவர் கைக்கு எட்டாது. டர்பென்டைன் போட்டால் எரியும் என்று அப்படியே விட்டுவிடுவார். ஒரு நாள் தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் சூடாக்கி, பழைய வாயில் சேலைத் துணியில் நனைத்து, அவர் கையை என் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு தேய்த்தேன். நீல நிறம். மெல்ல மெல்லத்தான் உரியும், அவசரப்பட்டால் தோல் சிவந்துவிடும். முழங்கைக்கு மேலே ஒரு தழும்பு தெரிந்தது. சாரத்திலிருந்து விழுந்ததாம். எப்போது என்றேன். மகன் ஐந்தாவது படிக்கும்போது என்றார். "எனக்கேன் சொல்லேல்ல?" என்று கேட்டேன். "உமக்கு அப்ப இருந்த கவலை காணாதே?" என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் மற்றக் கையையும் நீட்டினார், அதில் பெயின்டே இல்லை.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் கடற்கரைக்குப் போக ஆரம்பித்தோம். எங்கள் பக்கத்தில் மெரினா மாதிரி மணல் கிடையாது, கரை நெடுகக் கருங்கல் பாறைகள்தான். அவர் கடலோரத்து மனுஷன், அதன் காரணத்தை அவர்தான் விளக்கினார். சென்னைத் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டிய பிறகு, தெற்கேயிருந்து கடல் கொண்டுவரும் மணல் அங்கேயே தங்கிவிட்டது. மெரினா அகன்றது அதனால்தான். ராயபுரத்திலிருந்து எண்ணூர்ப் பக்கம் வரைக்கும் மணல் வராமல் கரையைக் கடல் அரித்தது, தெருக்களே போயின. அதைத் தடுக்கக் கொட்டியதுதான் இந்தக் கற்கள். ஒரு தட்டையான பாறை பார்த்து உட்காருவோம். பிளாஸ்க்கில் தேத்தண்ணி, கடித்துக்கொள்ளப் பனங்கட்டி. அங்கே அலைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவருக்குக்கூட நாங்கள் கதைப்பது கேட்காது. முப்பது வருடம் கிசுகிசுத்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று முகாமில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் என்ன நிறச் சேலை கட்டியிருந்தேன் என்று அங்கே வைத்துத்தான் சொன்னார். வெறும் பச்சை என்று சொல்லவில்லை. "மஞ்சள் கூடின பச்சை, இப்ப அந்த ஷேட் வாறேல்ல" என்றார்.

பல வருடம் தூசியும் பள்ளமுமாக எங்கள் நெடுஞ்சாலையைப் படுத்திய மெட்ரோ வேலை முடிந்து, 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ரயில் ஓட ஆரம்பித்தது. காதலர் தினத்தன்று திறந்திருக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். "அப்ப போகத்தானே வேணும்" என்றார். கூட்டம் குறைந்த பிறகு ஒரு நாள் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஏறினோம். கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். அவர் என் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், வெளியே பார்க்கவே இல்லை. மண்ணடியில் இறங்கி இரண்டாவது கடற்கரைச் சாலைக்கு நடந்து போய் ஒரு தட்டு அத்தோ வாங்கினோம். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். 1960களில் பர்மாவை விட்டு வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. அவர்களும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள்தான். வந்த இடத்திலேயே கடை போட்டு, பிள்ளை பெற்று, பர்மா பஜாரையும் உண்டாக்கிவிட்டார்கள். அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு அவர் வெகுநேரம் இதைப் பற்றியே கதைத்தார்.

எங்கள் திருவொற்றியூர்த் தியாகராஜர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் நான் தனியாகப் போவதுதான் வழக்கம். இப்போது அவரும் வருகிறார். மாசித் திருவிழாவில் அங்கே மகிழடி சேவை நடக்கும். சுந்தரர் சங்கிலி நாச்சியாரைக் கலியாணம் முடிக்க, உன்னைப் பிரியமாட்டேன் என்று அந்த மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். பிறகு திருவாரூர் நினைப்பு வந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று. நான் எப்போதும் சங்கிலியார் பக்கம்தான். பூக்கட்டிக்கொண்டு சிவனே என்று இருந்த பெண், சத்தியத்தை நம்பினாள். அவருடைய கண் காஞ்சியிலும் ஆரூரிலும் திரும்பக் கிடைத்தது. இவளுக்கு என்ன கிடைத்தது?

போன சேவையன்று மரத்தடியில் நின்று இதையே சொன்னேன். "நீங்களும் எனக்குக் கேதீச்சரம் காட்டுறன் எண்டு சத்தியம் பண்ணினீங்கள்" என்றும் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், "இந்தச் சுந்தரர்தானப்பா எங்கட கேதீச்சரத்தையும் பாடினவர். கடல் தாண்டிப் போகேல்ல. ராமேஸ்வரத்தில நிண்டு, இந்தப் பக்கமிருந்தே பாடினவர்." பிறகு அந்தக் கூட்டத்துக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிரகாரம் சுற்றி முடிக்கும் வரை விடவில்லை. ஊரில் இருந்திருந்தால் கோயிலில் வைத்து அவர் இப்படிச் செய்திருக்கவே மாட்டார்.

இது எங்கள் இருவர் கதை மட்டும் இல்லை. 2021இல் தமிழ்நாடு அரசு அகதி முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. ஆனால் குடியுரிமை இன்னும் இல்லை, 2019 திருத்தச் சட்டத்திலும் எங்களைச் சேர்க்கவில்லை. அது கிடைக்கட்டும், வீடு கிடைக்கட்டும், அதன் பிறகு சந்தோஷமாக இருக்கலாம் என்று அங்கே இன்னும் எத்தனையோ தங்கச்சிமார் காத்திருக்கிறார்கள். காகிதத்துக்காகக் காத்திருங்கள், போராடுங்கள், நானும் கூட வருகிறேன். புருஷனோடு ஒரு தேத்தண்ணி குடிக்க எந்தக் காகிதமும் வேண்டாம்.

எதிர்வீட்டுப் பெண் இப்போதெல்லாம் "இன்னாக்கா, ஜோடியா கிளம்பிட்டீங்களா?" என்று கேட்கிறாள். ஓமென்று சொல்லிவிட்டுப் போகிறேன். அடுத்து வரும் பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் வந்தால் மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்ப்பதாகத் திட்டம். காலையில் மீஞ்சூர் வரை ரயிலில் போய் மேலூர் திருவுடையம்மன், உச்சிக்கு எங்கள் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். மேஸ்திரியிடம் அன்றைக்கு லீவு என்று அவர் இப்போதே சொல்லி வைத்துவிட்டார். எம்.சி. ரோட்டில் அந்த மஞ்சள் கூடின பச்சையில் ஒரு சேலையும் தேடிப் பிடித்துவிட்டார். ஜாக்கெட் தைக்கத்தான் எனக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை, ஆடி மாத ஆர்டர் குவிந்து கிடக்கிறது. இந்த முறை அதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு என்னுடையதை முதலில் வெட்டப் போகிறேன்.