கருகிய ஒயிலும் ஒரு பழைய கம்ரியும்

2021 ஒக்ரோபரில் நான் கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தபோது, வாகனம் ஓட்டுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி என் இடது காலில் இருந்தது. யாழ்ப்பாணம் கொக்குவிலில் மாமாவின் ஒஸ்ரின் ஏ40 சமர்செற் காரில்தான் நான் ஓடப் பழகினேன். ஸ்ரியறிங் தண்டோடு சேர்ந்த கியர்த்தடி, கடினமான கிளச், மேட்டில் ஏறும்போது எந்தக் கணத்தில் இரண்டாம் கியருக்கு இறக்க வேண்டும் என்பதை இரைச்சலை வைத்தே அறிகிற காது ஆகியவற்றை அந்தக் கார் எனக்குத் தந்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட கார் அது. கனடாவில் முதன்முதலாகத் தானியங்கிக் கியர் காரில் ஏறியபோது என் இடது கால் கிளச்சைத் தேடிப் போய் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தது. பின்னால் வந்தவர் நீண்ட நேரம் ஹோர்ன் அடித்தார். அன்றிலிருந்து பல வாரங்கள் இடது காலை இருக்கையின் அடிப்பக்கமாக மடித்து வைத்தே ஓட்டினேன்.

ஒன்ராறியோவில் ஓட்டுநர் உரிமத்தின் முதற்படியான ஜீ1 எழுத்துத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஓட்டுத் தேர்வையும் முடித்து, 2022 கோடையில், 231,000 கிலோமீற்றர் ஓடியிருந்த 2004ஆம் ஆண்டு ரொயோட்டா கம்ரி ஒன்றை வாங்கினேன். நான்கு சிலிண்டர் எஞ்சின், நான்கு வேகத் தானியங்கிக் கியர்பெட்டி. கார் இல்லாமல் இருக்க முடியாத வேலை எனக்கு: ஏஜக்ஸில் ஒரு களஞ்சியத்தில் இரவு நேரப் பணி. ரொறன்ரோ நகரப் பேருந்து ஏஜக்ஸ் வரை போகாது. நகர எல்லையில் வேறு பேருந்துக்கு மாறி, வேலை முடிந்து விடியற்காலையில் திரும்புவதென்றால் உறக்கத்தில் பாதி தரிப்பிடங்களிலேயே கழியும். கார் விற்றவர் பாதுகாப்புச் சான்றிதழோடுதான் தந்தார். அந்தச் சான்றிதழ் பிரேக், ரயர், ஸ்ரியறிங், விளக்குகள் போன்றவை குறைந்தபட்சத் தகுதியோடு உள்ளனவா என்று மட்டுமே சொல்கிறது, கியர்பெட்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை என்பதைப் புதிதாக வருபவர்கள் வாங்கும் முன்னரே அறிந்திருக்க வேண்டும். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

2023 ஜனவரியில், குளிர் இறுகிய ஒரு மாலையில், வேலைக்குப் புறப்படக் காரைப் பின்னோக்கி எடுத்து, பிறகு முன்னோக்கிச் செல்ல டிரைவ் நிலைக்கு மாற்றினேன். கார் அசையவில்லை. ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணி மூன்றாவதை எண்ணும்போது அடிப்பக்கத்தில் யாரோ உதைத்தது போன்ற ஓர் அதிர்வோடு கியர் விழுந்தது. எஞ்சின் சூடானதும் இந்தத் தாமதம் குறைந்துவிடும். ஆனால் இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்கு ஏறும்போது மட்டும் எஞ்சின் ஒரு கணம் வெறுமனே இரைந்துவிட்டுப் பின்னர் இழுக்கும். மாமாவின் காரில் கிளச் தேய்ந்தபோது கேட்ட அதே இரைச்சல் அது. மிதிக்கக் கிளச்சே இல்லாத காரில் அந்த இரைச்சல் எப்படி வருகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

முதலில் போன கராஜில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பெட்டி முடிந்துவிட்டது, மாற்ற மூவாயிரம் டொலருக்கு மேல் ஆகும் என்றார்கள். நான் காருக்குக் கொடுத்த விலையே அவ்வளவு இல்லை. இரண்டாவது கராஜில் நேர்மாறாகச் சொன்னார்கள்: இவ்வளவு பழைய கியர்பெட்டியின் ஒயிலைத் தொடவே கூடாது, மாற்றினால் அடுத்த வாரமே நின்றுவிடும், நிற்கும் வரை ஓட்டுங்கள். இரண்டு இடத்திலும் எவரும் ஒயிலின் அளவுக் கம்பியை வெளியே எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

அதைப் பார்த்தவர், மோல்வேனில் இருக்கும் எங்கள் தூரத்து உறவினரான ஓர் அண்ணை. சாவகச்சேரியில் மோட்டார் வேலை பழகி, கனடாவில் இருபது வருடங்களுக்கு மேல் அதே தொழிலைச் செய்து ஓய்வு பெற்றவர். எஞ்சினை ஓடவிட்டுக் கம்பியை இழுத்து, அதன் நுனியை ஒரு வெள்ளைக் கடதாசிக் கைக்குட்டையில் ஒற்றினார். செந்நிறமாக இருந்திருக்க வேண்டிய ஒயில், கடும் தேயிலைச் சாயம் போலக் கபில நிறமாகப் பரவியது. முகர்ந்து பார்க்கச் சொன்னார்; அடிப்பிடித்த சட்டியின் வாடை மெல்லியதாக இருந்தது. “கருகின ஒயில்தான் தம்பி. ஆனால் இரும்புத் துகள் ஒண்டும் கையில தட்டுப்படேல்லை. கழட்டி அடித்தட்டைப் பாத்தால் மிச்சக் கதை தெரியும். பாக்காமல் சாவுச் செய்தி சொல்லக் கூடாது” என்றார்.

தானியங்கிக் கியர்பெட்டியில் ஒயில் என்பது உராய்வைக் குறைக்க ஊற்றுகிற எண்ணெய் மட்டுமன்று என்பதை அன்றுதான் அவரிடம் கற்றுக்கொண்டேன். எஞ்சினின் சுழற்சியைக் கியர்பெட்டிக்குக் கடத்துவதே, இரண்டுக்கும் நடுவில் உள்ள ரோர்க் கொன்வேட்டர் என்ற பாகத்துக்குள் சுழலும் அந்த ஒயில்தான். கிளச்சுத் தட்டுகளை அழுத்திப் பிடித்து ஒவ்வொரு கியரையும் விழுத்துவதும் அதன் அழுத்தம்தான். தட்டுகளில் எழும் சூட்டைச் சுமந்து சென்று ரேடியேற்றரில் ஆற்றிக்கொண்டு வருவதும் அதுவே. மாமாவின் காரில் என் இடது கால் செய்த வேலையை இங்கே ஒயில் செய்கிறது. றெஜைனா நகரைச் சேர்ந்த அல்பிரட் ஹோர்னர் மன்றோ என்ற கனேடியர் 1921இலேயே தானியங்கிக் கியர்பெட்டி ஒன்றை உருவாக்கியிருந்தார். அது திரவத்துக்குப் பதிலாக அழுத்தப்பட்ட காற்றில் இயங்கியதால் போதிய வலு இல்லாமல் சந்தைக்கு வராமலே போனது. 1940ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ஹைட்ரமற்றிக் என்ற பெயரில் வந்த கியர்பெட்டி ஒயிலின் அழுத்தத்தைப் பயன்படுத்தியது. நிலைத்ததும் அந்த வழிதான். கிளச்சுத் தட்டுகள் வழுக்கவும் கூடாது, வெட்டிப் பிடிக்கவும் கூடாது என்ற நுட்பமான நடுநிலைக்காக, 1970களின் தொடக்கம் வரை இந்த ஒயிலில் திமிங்கில எண்ணெயைக் கலந்தார்கள். வேதிப் பொருட்கள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. ஆனால் அவை சூட்டில் சிதைகின்றன, தட்டுகளின் பொடியும் சேர்ந்து ஒயிலைக் கறுக்க வைக்கிறது. குளிரில் தடித்துப்போன அத்தகைய ஒயில், பாதி அடைபட்ட பில்ரர் வழியாக ஏறி அழுத்தத்தைக் கட்டி எழுப்ப எடுத்துக்கொண்ட நேரம்தான் நான் எண்ணிய அந்த மூன்று.

இரண்டாவது கராஜ்காரர் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. தட்டுகள் முற்றாகத் தேய்ந்த கியர்பெட்டியில், ஒயிலில் மிதக்கும் பொடிதான் கடைசிப் பிடிமானமாக இருக்கும் என்றும், அதை இயந்திரத்தால் ஒரேயடியாகக் கழுவி எடுத்தால் முழுதாக வழுக்கத் தொடங்கலாம் என்றும் அண்ணையும் சொன்னார். அதனால்தான் அவர் கழுவுகிற முறையை மறுத்து, அடித்தட்டில் இருப்பதை மட்டும் வடித்து, பில்ரரை மாற்றி, வடித்த அளவுக்குப் புதிதாக ஊற்றி, இடைவெளி விட்டு மூன்று முறை செய்வோம் என்றார். ஒரு முறை வடித்தால் மொத்த ஒயிலில் பாதிகூட வெளியேறாது. கொன்வேட்டருக்குள் இருப்பது அங்கேயே தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு நாற்பது பங்கு மாறுகிறது என்று வைத்தால், முதல் முறைக்குப் பின் 60, இரண்டாவதுக்குப் பின் 36, மூன்றாவதுக்குப் பின் 22 பங்குதான் பழையது எஞ்சும். கியர்பெட்டிக்கும் அதிர்ச்சி இல்லை.

எந்த ஒயில் என்பதில் அவர் ஓர் அங்குலமும் இறங்கவில்லை. என் கம்ரியின் கையேட்டில் ரொயோட்டா ரைப் ரி-4 என்று இருந்தது. கடைக்காரர் எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று ஒன்றைக் காட்டினார். பின்னாளில் வந்த டபிள்யூ.எஸ். ஒயிலும் அருகிலேயே இருந்தது, அதுவும் ரொயோட்டாதானே என்று எனக்குத் தோன்றியது. அது மேலும் மெல்லிய, வேறு கியர்பெட்டிகளுக்கென்று உருவாக்கப்பட்ட ஒயில். ரி-4 கேட்டு வாங்கினோம். பில்ரரும், தட்டின் விளிம்பில் ஒழுக்கைத் தடுக்கும் கஸ்கற்றும் சேர்ந்த பொதி, நீண்ட மெல்லிய புனல், இரண்டு இரும்புத் தாங்கிகள் எல்லாம் சேர்த்து இருநூறு டொலருக்குள் அடங்கின.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மோல்வேனில் அவருடைய வீட்டுக் கராஜின் சீமெந்துத் தரையில் வேலையைத் தொடங்கினோம். நான் இருந்த நிலக்கீழ் வீட்டின் முற்றத்தில் இப்படிப்பட்ட வேலைக்கு உரிமையாளர் சம்மதிக்கவில்லை. பல அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இதே விதிதான். காரை ஜக்கால் உயர்த்தித் தாங்கிகளில் இறக்கிய பிறகு, அண்ணை காரின் பக்கவாட்டில் இரு கைகளாலும் ஊன்றிப் பலமாக ஆட்டிப் பார்த்தார். அசையாத பிறகுதான் என்னைக் கீழே போக விட்டார். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் படுக்கக் கூடாது.

சற்று ஓட்டி இளஞ்சூடாக்கி வைத்திருந்ததால், அறுகோணக் குழி கொண்ட வடிமூடியைத் திறந்ததும் ஒயில் கட்டையாகப் பாய்ந்தது. நின்ற பிறகும் அடித்தட்டில் ஓரளவு தேங்கியிருக்கும் என்று எச்சரித்திருந்தார். அதனால் சுற்றியிருந்த போல்ட்டுகளில் ஒரு மூலையில் உள்ளவற்றை முழுதாகவும் மற்றவற்றைப் பாதியாகவும் தளர்த்தி, தட்டைச் சாய்த்து அந்த மூலையால் வடியவிட்டேன். தட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோது என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அதன் தரையில் ஒட்டியிருந்த காந்தங்களின் மேல் சாம்பல் நிறத்தில், பஞ்சு போல, ஒரு சேறு படிந்திருந்தது. அண்ணை அதைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து மெதுவாகத் தேய்த்தார். மாவாக இருந்தது, எதுவும் விரலைக் குத்தவில்லை. பித்தளை நிறத்தில் மின்னும் சில்லுகளோ, உடைந்த இரும்புத் துண்டுகளோ இல்லை. “இது வயசான தேய்மானம். நோய் இல்லை” என்றார். அந்த இரண்டு சொற்களுக்காக நான் ஜனவரியிலிருந்து காத்திருந்தேன்.

பழைய பில்ரரைக் கழற்றும்போது இன்னும் கொஞ்சம் ஒயில் முழங்கை வரை வழிந்தது. பில்ரரைக் கவிழ்த்துப் பார்த்தால், உறிஞ்சும் வாயின் உட்புறம் கபில நிறத்தில் இறுகிப் போயிருந்தது. புதியதைப் பூட்டி, காந்தங்களைத் துடைத்து அதே இடங்களில் வைத்து, தட்டின் விளிம்பில் பழைய கஸ்கற்றின் ஒரு துணுக்குக்கூட இல்லாதபடி சுரண்டினேன். நூல் உதிரும் துணியை உள்ளே பயன்படுத்த அவர் விடவில்லை; ஒரு நூல் போதும், வால்வின் நுண்துளை அடைபட.

பிழை நடந்தது தட்டைத் திருப்பிப் பூட்டும்போது. அந்தப் போல்ட்டுகளுக்கு வேண்டிய முறுக்கம் பத்து நியூட்டன் மீற்றருக்கும் குறைவு, விரல்களின் பலத்தைவிடச் சற்றே கூடியது. ஆனால் ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் ஒரு மூலையில் என் பலம் முழுவதையும் கொடுத்து இறுக்கிவிட்டேன். அங்கே கோர்க் கஸ்கற் நசுங்கி வெளியே பிதுங்கியது. அடுத்த நாள் காலையில் காருக்கு அடியில் விரித்திருந்த அட்டையில், நாணயம் அளவில் மூன்று செந்நிறப் பொட்டுகள். இன்னொரு கஸ்கற் வாங்கி, மீண்டும் வடித்து, நடுவிலிருந்து தொடங்கி எதிரெதிராக, இரண்டு சுற்றில் சிறிது சிறிதாக இறுக்கினோம். அதற்குப் பின் ஒரு துளியும் விழவில்லை.

வடித்த ஒயிலை அளப்பதற்கு, குளிர்காலத்தில் கண்ணாடி கழுவும் நீல நீர் வருகிற 3.78 லீற்றர் வெற்றுக் கலன்களைக் கழுவிக் காயவைத்திருந்தேன். எவ்வளவு வந்ததோ அதைவிடச் சிறிது குறைவாக, அளவுக் கம்பியின் குழாய் வழியாக ஊற்றினோம். பிறகு பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியர் நிலையிலும் சில வினாடிகள் நிறுத்தி, மறுபடி பார்க்குக்குக் கொண்டுவந்து, அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியைப் பார்த்தோம். ஒயில் குளிர்ந்திருக்கும்போதே சூட்டுக் குறி வரை நிரப்பினால், சூட்டில் விரிந்து அளவு கூடிவிடும். கூடினால் சுழலும் பாகங்கள் அதை அடித்து நுரையாக்கும், நுரைக்கு அழுத்தம் நிற்காது. சூட்டுக் குறிகளுக்கு இடையில் ஒயில் வந்து நிற்கும் வரை சிறு சிறு அளவாகச் சேர்த்தோம்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. பின்னிலிருந்து முன்னுக்கு மாறும் தாமதம் உடனேயே குறைந்தது. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையிலான இரைச்சல், ஜூனில் இரண்டாம் முறை வடித்த பிறகே மெலிந்தது. அந்த ஜூலையில்தான் ஸ்காபரோவின் மூன்றாம் இலக்க ரயில் தடம்புரண்டு, அந்தப் பாதையே நிரந்தரமாக மூடப்பட்டது. அதற்குப் பின் என்னோடு வேலை செய்கிற இருவர் என் காரிலேயே ஏஜக்ஸுக்கு வரத் தொடங்கினார்கள். செப்ரெம்பரில் மூன்றாம் முறை வடித்தபோது வெள்ளைக் கடதாசியில் சிவப்புத்தான் முதலில் தெரிந்தது, கபிலம் விளிம்பில் மட்டும். அடுத்த ஜனவரியில், காரை டிரைவ் நிலைக்கு மாற்றியபோது நான் எண்ணத் தொடங்கும் முன்னரே கியர் விழுந்தது.

பழைய ஒயிலை மழைநீர் வடிகாலிலோ குப்பைத் தொட்டியிலோ ஊற்றுவது இங்கே சட்டவிரோதம். கலன்களில் அடைத்துப் பெயர் எழுதி, நகராட்சியின் ஸ்காபரோ கழிவு நிலையத்தில் வீட்டு அபாயக் கழிவுகளை வாங்கும் பகுதியில் கொடுத்தேன். வீட்டுப் பாவனையாளரிடம் அவர்கள் அதற்குக் கட்டணம் எடுப்பதில்லை. வீடு திரும்பியதும், அண்ணை சொன்னபடி, எஞ்சின் மூடியின் உட்புறத்தில் ஒரு துண்டுப் பட்டியை ஒட்டி, ‘ரி-4, பில்ரருடன், மே 2023’ என்று எழுதி, அதன் கீழே கிலோமீற்றர் அளவையும் குறித்துவைத்தேன்.