எல்கேஜிக்கு எந்த வயது, எந்தப் பள்ளி: வடசென்னைப் பெற்றோருக்கு

பொங்கல் முடிந்ததும் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை பள்ளிக்கூட வாசல்களில் ‘அட்மிஷன் நடைபெறுகிறது’ என்று பேனர் கட்டிவிடுவார்கள். இரண்டரை வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் எந்த அம்மாவையும் தெருவில் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி, “இன்னும் சேர்க்கலையா?” என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பயந்து அப்ளிகேஷன் வாங்க ஓட வேண்டாம். முதலில் ஒரு காகிதத்தில் குழந்தையின் பிறந்த தேதியை எழுதி வைத்துக்கொண்டு ஒன்றாம் வகுப்பிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் கணக்கு ஜூலை 31-இல் நிற்கிறது. அந்தத் தேதிக்குள் 3 வயது முடிந்தால் எல்கேஜி, 4 முடிந்தால் யுகேஜி, 5 முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31-க்குள் 6 வயது முடிந்திருக்க வேண்டும். 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்லும் வயது அதுதான். தனியார் சிபிஎஸ்இ பள்ளிகள் பலவும் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன, ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இல்லை.

இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். 2023 ஜூன் 15-இல் பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் 2026 ஜூனில் எல்கேஜி, 2028 ஜூனில் ஒன்றாம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயா கணக்கில் அதே குழந்தைக்கு 6 வயது முடிவது 2029 ஜூனில். அந்த ஆண்டு மார்ச் 31 தாண்டிவிட்டதால் ஒன்றாம் வகுப்பு 2030-இல்தான். முழுதாக இரண்டு வருட வித்தியாசம். மெட்ரிக் பள்ளியில் யுகேஜி வரை படிக்கவைத்து, ஒன்றாம் வகுப்புக்கு சிபிஎஸ்இ மாற்றலாம் என்று நினைக்கும் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். யுகேஜி முடித்த குழந்தையை மறுபடி யுகேஜியில் உட்காரச் சொல்வார்கள். எனவே எந்தப் பாடத்திட்டம் என்பதை எல்கேஜிக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். சிபிஎஸ்இ என்றால், “ஒன்றாம் வகுப்புக்கு எந்தத் தேதியில் எத்தனை வயது கேட்பீர்கள்?” என்று அந்தப் பள்ளி அலுவலகத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மே, ஜூன், ஜூலையில் பிறந்த குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜூலை 20-இல் பிறந்த குழந்தை எல்கேஜியில் நுழையும்போது மூன்று வயதுகூட நிரம்பியிருக்காது. அதே வகுப்பில், முந்தைய ஆகஸ்டில் பிறந்த குழந்தை ஏறக்குறைய நான்கைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த வயதில் பதினோரு மாதம் என்பது வாழ்ந்த வாழ்க்கையில் கால்பங்குக்கும் மேல். மிஸ் சொல்வது புரியாமல், டப்பா திறக்கத் தெரியாமல், நோட்டில் கோடு வராமல் நிற்கும் குழந்தையை ‘ஸ்லோ’ என்று சொல்லிவிடுவார்கள். குழந்தையிடம் குறை ஏதும் இல்லை, வயதுதான் குறைவு. ஜூலைக் குழந்தை தயாராக இல்லையென்றால் ஒரு வருடம் பொறுப்பதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. வருடம் வீணாகிறது என்ற பயம் வேண்டாம். பதினைந்து வயதில் பத்தாம் வகுப்பு எழுதுபவரும் பதினாறில் எழுதுபவரும் ஒரே ஹாலில்தான் உட்காருகிறார்கள்.

ஆனால் ஆர்டிஇ இடத்தை, அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் கிடைக்கும் இலவச இடத்தை, நம்பியிருக்கும் குடும்பம் இந்த முடிவை யோசித்து எடுக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கு எல்கேஜி வயது ஒரு வருட வரம்புக்குள் அடங்கியது. 2025-26-க்கு 2021 ஆகஸ்ட் 1 முதல் 2022 ஜூலை 31 வரை பிறந்தவர்கள் மட்டுமே. ஒரு வருடம் தள்ளிப்போட்டால் எல்கேஜிக்கான அந்த வாய்ப்பு போய்விடும். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு வருமான வரம்பு கிடையாது. நலிவடைந்த பிரிவில் விண்ணப்பித்தால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வீடு இருப்பவர்களுக்கு முன்னுரிமை, விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிஷன் பள்ளிகள் நிறைந்த ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் வாசலுக்கு எதிரே இருக்கும் பள்ளி பட்டியலிலேயே இல்லாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்பம் திறக்கும். 2025-26-இல் நிதிப் பிரச்சினையால் அக்டோபருக்குப் போய்விட்டது. அதனால் சாதி, வருமானச் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் ஜனவரியிலேயே போட்டு வாங்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

மூன்று வயதுக்கு முன்னால் ப்ரீகேஜி தேவையா? படிப்புக்காகத் தேவையில்லை. இரண்டு வயதுக் குழந்தைக்குப் பேச்சுக் கொடுக்க ஆளும், ஓட இடமும் போதும். அது வீட்டில் இருந்தால் வீட்டிலேயே இருக்கட்டும். வேலைக்குப் போகும் அம்மாக்களின் நிலை வேறு. காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போகிறவருக்கும், துணிக்கடையில் இரவு ஒன்பது வரை நிற்கிறவருக்கும் வேண்டியது பாடத்திட்டம் இல்லை, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் இடம். அதைப் பாதுகாப்பகமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தூங்க இடம் உண்டா, ஆயாம்மா எத்தனை பேர், அடிக்கடி ஆள் மாறுகிறார்களா என்று கேளுங்கள். பால்வாடியை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். இரண்டு வயது முடிந்த குழந்தைக்கு மதிய உணவும் முட்டையும் பாட்டும் விளையாட்டும் அங்கே இலவசம், நடந்து போகும் தூரத்திலும் இருக்கிறது. நல்ல டீச்சர் அமைந்த பால்வாடி, மாடியில் ஏசி போட்டு நடத்தும் பிளேஸ்கூலைவிட மேல். மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் எல்கேஜி, யுகேஜி இருக்கிறது, அதையும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

குழந்தை தயாரா என்பதை ஏபிசிடி தெரியுமா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிறுநீர், மலம் வருவதைச் சொல்லத் தெரிகிறதா? தன் பெயரையும் ‘தண்ணி வேணும்’, ‘வலிக்குது’ என்பதையும் வெளி ஆளுக்குப் புரிகிறமாதிரி சொல்கிறதா? இட்லியைப் பிய்த்துத் தானே சாப்பிடுமா? அத்தை வீட்டிலோ பாட்டி வீட்டிலோ அம்மா இல்லாமல் இரண்டு மணி நேரம் இருக்குமா? “செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வா” என்று இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் செய்கிறதா? இவற்றில் பெரும்பாலானவை வந்துவிட்டால் அனுப்பலாம். டயப்பர் விடவில்லை என்றால் ஏப்ரல், மே வெயில் காலம் அதற்கு நல்ல நேரம், ஈரத்துணி சீக்கிரம் காயும்.

மூன்று வயதாகியும் இரண்டு மூன்று வார்த்தை சேர்த்துப் பேசவில்லை என்றால், “ஸ்கூலுக்குப் போனா தானா பேசிடும்” என்ற ஆறுதலை ஏற்காதீர்கள். முதலில் காது பரிசோதனை. ஸ்டான்லி மருத்துவமனையிலோ எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலோ காட்டுங்கள். கேட்காத குழந்தை முப்பது பேர் சத்தம் போடும் வகுப்பில் இன்னும் ஒதுங்கிப்போகும். பேச்சுப் பயிற்சி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு பலன்.

பள்ளியைத் தேடும்போது எங்கள் முதல் அளவுகோல் தூரம். பெயர் பெற்ற பள்ளி என்பதற்காக எருக்கஞ்சேரியிலிருந்து புரசைவாக்கத்துக்கு மூன்று வயதுக் குழந்தையை அனுப்புவதில் லாபம் எதுவும் இல்லை. நடந்து பதினைந்து நிமிடத்துக்குள் அமைந்தால் சிறப்பு. வடசென்னையில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள். நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் லாரி வரிசை நின்றால் வேன் நகராது. நவம்பர் மழையில் வியாசர்பாடிப் பக்கச் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கினால் சுற்றித்தான் போக வேண்டும். சேர்க்கும் முன் ஒரு வேலைநாள் காலை எட்டரைக்கு அந்த வழியாகப் போய்ப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை போனால் ஒன்றும் தெரியாது. புளியந்தோப்பு, கொடுங்கையூர்ப் பக்கம் என்றால் போன டிசம்பரில் பள்ளி வளாகத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று எதிர்க் கடைக்காரரிடம் விசாரியுங்கள். மூச்சிரைப்பு உள்ள குழந்தையை லாரி ஓடும் சாலையைப் பார்த்த தரைத்தள வகுப்பிலோ, மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்கு ஒட்டிய பள்ளியிலோ சேர்க்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வேனோ ஆட்டோவோ வைத்தே தீரவேண்டும் என்றால், 2012-இல் தமிழ்நாடு அரசு பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகள் கொண்டுவந்ததை நினைவில் வையுங்கள். மஞ்சள் வண்டியும், கூடவே வரும் உதவியாளரும் கட்டாயம். தெருவில் பேசி அமர்த்தும் ஆட்டோவில் இது எதுவும் இருக்காது. முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் குழந்தையை உட்காரவைப்பவரையும், பைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு அடைத்து ஏற்றுபவரையும் வாடகை குறைவு என்று ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது அலுவலக அறையில் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பினால் பாதிகூடத் தெரியாது. காலை பத்தரை மணிக்கு, ஸ்நாக்ஸ் நேரத்தில் போங்கள். ஒரு மிஸ்ஸிடம் எத்தனை குழந்தைகள் என்று எண்ணுங்கள். 20 குழந்தைக்கு ஒரு ஆசிரியர், கூட ஒரு உதவியாளர் என்பதுதான் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல். 40 பேரை ஒரு அறையில் வைத்தால் கத்தித்தான் அடக்க முடியும், எவ்வளவு நல்ல ஆசிரியராக இருந்தாலும். பாத்ரூமைத் திறந்து பாருங்கள். இருக்கை குழந்தை உயரத்தில் இருக்கிறதா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் எட்டுகிறதா, தண்ணீர் வருகிறதா, தரை ஈரமா? பாத்ரூமுக்குப் பயந்து நாள் முழுக்க அடக்கிவைக்கும் குழந்தைக்கு மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரும். பல தாய்மார்கள் ‘ஸ்கூலுக்குப் போகவே மாட்டேங்குறா’ என்று சொல்லும் கதையின் அடியில் இருப்பது இந்த பாத்ரூம்தான்.

கட்டடத்தை மேலே பாருங்கள். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறைக் கூரையில் பிடித்த தீ வகுப்பறைக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். கீற்றுக் கூரை, குறுகலான படிக்கட்டு, குழந்தைகளை வெளியே கொண்டுவர வழியில்லாத மாடி, எல்லாம் சேர்ந்து நடந்தது அது. வண்ணாரப்பேட்டையின் நெருக்கமான சந்துகளில் வீட்டை இடித்துக் கட்டிய பள்ளிகள் உண்டு. எல்கேஜி தரைத்தளத்தில் இருக்க வேண்டும், இரண்டாவது வழி இருக்க வேண்டும், அந்த வழி பூட்டாமல் இருக்க வேண்டும். தீயணைப்புத் துறைச் சான்றும் அங்கீகார ஆணையும் எந்த வருடம் வரை என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. முகம் சுளிக்கும் நிர்வாகத்தைப் பற்றி அதுவே ஒரு தகவல்.

பிறகு, ஜனவரி மாத எல்கேஜி நோட்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். நான்கு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாகக் கூட்டெழுத்தும், 1 முதல் 100 வரை எண்களும் இருந்தால் அது குழந்தையின் கையை வதைக்கும் பள்ளி. மூன்று வயதில் மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளில் பாதிக்கு மேல் இன்னும் குருத்தெலும்புதான். விரல் நுனியில் பென்சிலைப் பிடித்துத் திருப்பும் வலு அந்தக் கைக்கு வரவில்லை. வற்புறுத்தினால் முஷ்டியால் பிடிக்கும், அழுத்தி எழுதும், அந்தப் பிடியைப் பிறகு மாற்றுவது கடினம், எழுத்தே வெறுத்துப்போகலாம். களிமண் பிசைவது, புளியங்கொட்டை பொறுக்குவது, மணி கோர்ப்பது, தடிமனான கிரேயானால் சுவரளவு காகிதத்தில் கிறுக்குவது, இவைதான் எழுத்துக்கான உண்மையான தயாரிப்பு. சுவரில் அச்சடித்த சார்ட் மட்டும் இருக்கிறதா, குழந்தைகள் வரைந்தவையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்கேஜி குழந்தையைச் சாயங்காலம் டியூஷனுக்கு அனுப்பச் சொல்லும் பள்ளியைத் தவிர்த்துவிடுங்கள்.

வீட்டில் தெலுங்கோ உருதோ இந்தியோ பேசும் குடும்பங்கள் இங்கே நிறைய. முதல் மாதங்களில் குழந்தையின் மொழியில் இரண்டு வார்த்தை பேசக்கூடியவர், ஆயாம்மாவாவது, பள்ளியில் இருக்கிறாரா என்று கேளுங்கள். தமிழில் பேசினால் அபராதம் என்று பெருமையாகச் சொல்லும் இடத்தில் மூன்று வயதுக் குழந்தை வாயையே திறக்காது.

கட்டணத்தில் ஏமாறும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. தனியார் பள்ளிக்கு எவ்வளவு என்று அரசின் கட்டண நிர்ணயக் குழு ஆணை இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். டொனேஷன் வாங்குவதும், சேர்க்கைக்காகக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் வைப்பதும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவில் தடை செய்யப்பட்டவை. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். புத்தகம், சீருடை, ஷூ, ஆண்டு விழா, வேன் எல்லாவற்றையும் கூட்டி வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். மருத்துவமனையில் பெயரில்லாமல் பதிந்து அப்படியே விட்ட வீடுகள் பல. பெயரை முதல் ஒரு வருடத்துக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை, பிறகு தாமதக் கட்டணம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழே ஆதாரம். இனிஷியலும் ஆங்கில எழுத்துகளும் சான்றிதழிலும் ஆதாரிலும் ஒன்றுபோல இருக்கட்டும். எல்கேஜியில் ஏறும் தவறு பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட் வரை தொடரும்.

விஜயதசமியன்று நெல்லில் எழுதவைத்துச் சேர்ப்பது நல்ல வழக்கம். ஆனால் அக்டோபரில் சேர்ந்த குழந்தை ஜூனில் சேர்ந்தவர்களோடு ஓட வேண்டுமா, அடுத்த ஜூனில் எல்கேஜியைப் புதிதாகத் தொடங்குமா என்று கேட்டுக்கொண்டு சேருங்கள்.

முதல் வாரம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு என்று கூட்டிக்கொண்டு போக அனுமதிக்கும் பள்ளி கிடைத்தால் அதிர்ஷ்டம். குழந்தை பார்க்காதபோது நழுவிவிடாதீர்கள். “அம்மா போயிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்கு நில்லுங்கள். இரண்டு மூன்று வாரம் அழுவது இயல்பு. முதல் வருடத்தில் சளி காய்ச்சல் மாறி மாறி வரும். கை, கால், வாயில் கொப்புளம் வந்தால் காய்ச்சல் விட்டுப் புண் ஆறும்வரை, ஏறக்குறைய ஒரு வாரம் வீட்டில் வையுங்கள். 16 முதல் 24 மாதத்தில் போடும் ஊக்கத் தடுப்பூசிகள் விடுபட்டிருந்தால் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஜூனுக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

ஆறு வாரம் தாண்டியும் காலையில் வாந்தி எடுப்பது, விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்ப வருவது, ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரைக் கேட்டாலே ஒடுங்குவது என்று தெரிந்தால், அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வகுப்பு நடக்கும் நேரத்தில் நேரில் போய் விசாரியுங்கள். திருப்தியான பதில் இல்லையென்றால் கட்டிய பணத்தைப் பார்க்காமல் நிறுத்திவிடுங்கள். எல்கேஜியை அடுத்த ஜூனில், வேறு பள்ளியில், புதிதாகத் தொடங்கலாம்.